மத்தியதரைக்கடலில் 7 நாள் கப்பல்: அம்மா அப்பாவோடு எந்த வழியில் போகலாம்?

லாஸ்பேட்டை வாசு:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன். அடுத்த மே மாதம் அப்பா அம்மாவையும் வீட்டுக்காரியையும் மத்தியதரைக்கடல் கப்பலில் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். அப்பாவுக்கு 68, கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவர். அங்கே பெரிய கப்பல் கரைக்கே வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைப் படகில்தான் இறக்குவார்கள். சின்ன வயதில் முகத்துவாரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். 2022ல் சென்னையிலிருந்து ஒரு சொகுசுக் கப்பல் புதுச்சேரிக் கடலுக்கு வந்து அனுமதி கிடைக்காமல் திரும்பிப் போனதே, அன்றைக்கும் பீச் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வந்து "எனக்கு எல்லாக் கப்பலும் தூரத்திலேயேதான் நிற்கும் போல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும்.

இரண்டு வழி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மேற்குப் பக்கம்: பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, சிவிதாவெக்கியா (ரோமுக்கு), நேப்பிள்ஸ், மால்டாவின் வலெட்டா, திரும்ப பார்சிலோனா. இன்னொன்று கிழக்கு: ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸில் ஏறி மிகோனோஸ், சாண்டோரினி, ரோட்ஸ், துருக்கியின் குஷாதாசி. வீட்டுக்காரிக்கு சாண்டோரினி வெள்ளை வீடுகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி, சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. எதை எடுக்கலாம்? விசா எங்கே போடுவது? பொடி வகையறா எடுத்துப் போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரிமேடு மருமகள்:

தம்பி, முட்டிவலி என்று எழுதிவிட்டீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது. மேற்கு வழியை எடுங்கள். நான் மாமனார் மாமியாரோடு போய் வந்தவள். சாண்டோரினியில் பெரிய கப்பல் கரையில் நிற்காது, கடலில் நிற்கும், டெண்டர் படகில் இறங்கிப் போக வேண்டும். அலை கொஞ்சம் எழும்பினாலும் கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் கால் வைக்க வயதானவர்கள் தயங்குவார்கள். கரைக்குப் போன பிறகும் ஊர் மேலே மலையுச்சியில், ஏற 588 படி. கேபிள் கார் உண்டு, ஆனால் நாலு கப்பல் ஒரே நாளில் வந்தால் அதற்கு நிற்கும் வரிசை திருப்பதி வரிசைதான். படகில் இறங்கிப் படகில் ஏறுவதற்கு உங்கள் அப்பா கடலூரிலேயே இருந்திருக்கலாமே!

மேற்கு வழியில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் "ரோம்" என்று போட்டிருப்பார்கள், கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில், அங்கிருந்து ரோம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட திண்டிவனத்தில் இறக்கிவிட்டு இதுதான் கடலூர் என்பது போல. துறைமுகத்துக்குள் இலவசப் பேருந்து லார்கோ தெல்லா பாச்சே என்ற இடம் வரை கொண்டுவந்து விடும், அங்கிருந்து ரயில் நிலையம் போய் ரயில் பிடிக்க வேண்டும். வாடிகன் மட்டும் போதும் என்றால் ரோமின் பெரிய ரயில் நிலையமான டெர்மினி வரை போகாதீர்கள், முன்னாலேயே ரோமா சான் பியேத்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். இது தெரியாமல் நாங்கள் டெர்மினி வரை போய்த் திரும்பி வந்தோம், ஒன்றரை மணி நேரம் வீண். கப்பல் கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும் என்பதால் மாமனாருக்கு வழியெல்லாம் வாட்ச் மேலேயே கண், பேதுரு கோயில் கூரையை அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை பாவம். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனால் நிற்காது. ரோமுக்கு மட்டும் அவர்கள் பஸ்ஸில் போங்கள், பணம் கூடத்தான். மற்ற ஊர்களில் தேவையில்லை.

சாப்பாடு: கப்பலுக்கு முன்கூட்டியே மெயில் எழுதிச் சைவம், முட்டை இல்லை என்று பதியச் சொல்லுங்கள், ஏறின அன்றே சாப்பாட்டு அறை மேற்பார்வையாளரைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாக எடுத்துப் போகலாம். பால், நெய், கறி சேர்ந்த எதையும் வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், பால்கோவாவெல்லாம் வேண்டாம். கெட்டிலையும் கொண்டு போகாதீர்கள், வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் கொடுப்பார்கள். என் மாமியார் ஏழு நாளும் காலையில் பஃபேயில் தயிர்க் கிண்ணம் மூன்றை எடுத்து வந்து, மதியம் சாதத்தில் கொட்டி, கைப்பையிலிருந்து மாவடு ஒன்று எடுத்து வைத்துக்கொள்வார். மூன்றாம் நாள் பக்கத்து மேஜை ஜெர்மன் பாட்டியும் ஒரு மாவடு கேட்டு வாங்கினார்.

முக்கியமாக, கடலில் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் போன் தானாகப் போய் ஒட்டிக்கொண்டு, ஊருக்கு வந்த பிறகு எனக்கு வந்த பில்லை வீட்டில் இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

சொல்தா வீட்டுப் பேரன்:

வாசு அண்ணா, மார்செய் பற்றி மட்டும் சொல்கிறேன், நான் அங்கே மூன்று வருஷம் இருந்தேன். எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், வியட்நாமின் சைகோன் போனவர், கடைசியில் மார்செயில்தான் போய் இறங்கினார். அந்தக் காலத்தில் நம்மூர் ஆட்களுக்குப் பிரான்ஸ் என்றால் முதலில் மார்செய்தான். மெசாஜெரி மாரித்தீம் என்ற பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பலில் ஜிபூத்தி, சூயஸ் வழியாகப் போய் ஜோலியேத் துறையில் இறங்குவார்கள். தாத்தாவுக்கு ஜோலியேத் என்ற பேரைத் தவிர அந்த ஊரில் வேறெதுவும் கடைசிவரை ஞாபகமில்லை.

இப்போது சொகுசுக் கப்பல்கள் ஊருக்கு வடக்கே தள்ளி நிற்கின்றன, அங்கிருந்து நடக்க முடியாது, பேருந்து பிடித்து ஜோலியேத் வந்து, பழைய துறைமுகத்துக்கு வந்துவிடுங்கள். கிமு 600 வாக்கில் கிரேக்கர்கள் வந்து குடியேறிய இடம் அது, இன்றைக்கும் காலையில் படகிலிருந்து மீனை அப்படியே இறக்கி மேஜை போட்டு விற்பார்கள். நம்ம குபேர் அங்காடி மீன் கடைச் சத்தம் அங்கேயும் கேட்கும், பாஷைதான் வேறு. அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள், வாடை. மலை மேலே நோத்ர தாம் தெ லா கார்த் கோயில் இருக்கிறது, மாலுமிகள் நேர்ந்துகொண்டு குட்டிக் குட்டிக் கப்பல் பொம்மைகளை உள்ளே தொங்கவிட்டிருப்பார்கள், நம்ம வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடன் வைப்பது போலத்தான். அப்பா அதைப் பார்த்தே ஆக வேண்டும். பஸ் மேலேயே போகும், ஆனால் கடைசியில் கொஞ்சம் படி உண்டு.

அம்மாவுக்குச் சாப்பிட பானிஸ் கேளுங்கள், கடலை மாவை வேகவைத்து, ஆறவிட்டு, வெட்டிப் பொரிப்பார்கள். அடுத்த நாள் ஜெனோவாவில் ஃபரினாத்தா, அதுவும் கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான், பெரிய செப்புத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவார்கள். தோசை மாதிரி இருக்கும் என்று சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் சாப்பிடுவார்கள். நேப்பிள்ஸில் மரினாரா பீட்சா, சீஸே கிடையாது, தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய்.

தேவனாம்பட்டினம் பழசு:

எல்லோரும் நல்லதே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். ஏழு நாளில் ஆறு ஊர் என்பது நவக்கிரகக் கோயில் பஸ் மாதிரிதான், இறங்கு, கும்பிடு, ஏறு. எத்தனை ஊர் என்று எண்ணாதீர்கள், ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். காலை எட்டுக்கு வந்து மதியம் இரண்டுக்குக் கிளம்பும் ஊரெல்லாம் ஊரே இல்லை. பெரியவர்கள் என்பதால் இரண்டு துறைமுகத்தில் இறங்கவே இறங்காதீர்கள், எல்லோரும் ஊர் சுற்றப் போன பிறகு காலியான மேல்தளத்தில் காப்பியோடு உட்கார்ந்தால் அதுதான் உங்கள் அப்பா கேட்ட கப்பல். கடலூர் பழைய துறைமுகத்துக்காரருக்கு ஊரை விட, கப்பலைக் கரையில் கயிறு போட்டுக் கட்டுவதுதான் வேடிக்கை. தலைக்கு ஒரு நாளைக்கு பத்து யூரோவுக்கு மேல் சேவைக் கட்டணம் என்று கடைசியில் பில்லில் ஏற்றுவார்கள், அதையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பகட்டான ஊர் பார்க்கத்தான் போகிறோம் என்றால் பிரெஞ்சு ரிவியேராவில் சேன்-த்ரோப்பே நிற்கும் சின்னக் கப்பல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கோடீஸ்வரர்களின் படகு வரிசையாக நிற்கும் அந்தத் துறையில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, அது பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன். புதுச்சேரியில் சுஃப்ரேன் வீதியில் தினம் நடக்கிறவர்களுக்கே அவர் யார் என்று தெரியாது. 1783 ஜூன் 20 அன்று எங்கள் கடலூருக்கு எதிரே ஆங்கிலேயக் கப்பல் படையோடு பீரங்கிச் சண்டை போட்டவர். வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஐந்து மாதம் முன்பே ஐரோப்பாவில் சமாதான உடன்பாட்டில் கையெழுத்தாகிவிட்டது, செய்தி இங்கே வந்து சேரவில்லை, அதனால் சண்டை நடந்தது, ஆட்கள் செத்தார்கள். அவர் மால்டா வீரர் சபை என்ற கத்தோலிக்கப் போர்வீரர் சபையைச் சேர்ந்தவரும்கூட. வலெட்டாவில் இறங்கினால் அந்தச் சபையின் கோட்டையும் கோயிலும்தான் ஊர் முழுக்க. 1565ல் துருக்கியர் போட்ட முற்றுகைக்குப் பிறகு கட்டிய ஊர், கப்பல் உள்ளே நுழையும்போது இரண்டு பக்கமும் தேன் நிறக் கோட்டைச் சுவர் நெருங்கி வரும். அந்த நேரம் மட்டும் யாரும் கேபினில் தூங்காதீர்கள்.

அரியாங்குப்பம் வாத்தியார்:

நேப்பிள்ஸைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லையே. இந்தப் பட்டியலில் இருப்பதிலேயே நமக்கு ரத்த உறவு உள்ள ஊர் அதுதான். நான் அரிக்கமேட்டுக்குப் பிள்ளைகளை வருஷா வருஷம் கூட்டிப் போகிறவன். அங்கே 1945ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த சிவப்பு மெருகேறிய ஓட்டுச் சில்லுகள் இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர் வகை. ரோமானியர் மது கொண்டுவந்த ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் பொதுகே என்ற துறைமுகம் நம்மூர்தான் என்று பலர் சொல்கிறார்கள். சரி, இங்கே வந்த சரக்குக்கு மறுமுனை எது? எகிப்து வழியாகப் போன கிழக்குச் சரக்கு ரோமுக்குள் இறங்கிய பெரிய துறை புத்தேயோலி, இன்றைய பொட்சுவோலி, நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலேயே, மெட்ரோவில் போய்விடலாம். அங்கே பழைய சந்தையின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. கிட்டே போய்ப் பாருங்கள், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பட்டை முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும், கரையான் அரித்த மாதிரி. கடல் சிப்பி துளைத்தது. எரிமலைப் பகுதி என்பதால் தரை மெல்ல இறங்கிக் கடலுக்குள் போய், திரும்ப எழும்பி வந்திருக்கிறது. இந்தியச் சரக்குக்காக வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினாரே, அந்தக் காசில் எவ்வளவு இந்தச் சந்தை வழியாகப் போனதோ!

எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய ஊர் பாம்பேயிக்கு அம்மாவை இழுத்துப் போகாதீர்கள், தெருவெல்லாம் உருண்டைக் கல், முட்டிக்கு ஆகாது, மே மாத வெயில் வேறு. பாம்பேயியில் எடுத்த ஓவியங்களும் சாமான்களும் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. அதில் ஒன்று தந்தத்தில் செய்த நம் நாட்டுப் பெண் சிலை, ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், 1938ல் பாம்பேயியில் ஒரு வீட்டில் கிடைத்தது. பாம்பேயி லட்சுமி என்பார்கள், யட்சி என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டுச் சிலை என்று மட்டும் யாரும் வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள், அடியில் இருக்கும் எழுத்து வடமேற்கு இந்தியாவின் கரோஷ்டி. கையில் வளையலும் இடுப்பில் அணியும் கொண்டையும் பார்த்தால் அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். கிபி 79ல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் ஊரோடு புதைந்த சிலை, அதற்கு முன்பே யாரோ ஒரு வியாபாரி வீட்டு அலமாரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. "ரகசிய அறை" என்று தனியே ஒரு கூடம், அதில் தேடுங்கள். அந்தக் கூடத்தில் மற்றவையெல்லாம் கொஞ்சம் ஏடாகூடமான படங்கள், அப்பா அம்மாவோடு போகும்போது நேரே சிலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், மறக்காதீர்கள்.

நேப்பிள்ஸில் கப்பல் ஊருக்கு நடுவிலேயே நிற்கும். இறங்கினால் எதிரே கோட்டை.

முதலியார்பேட்டை ஆவணம்:

விசாவுக்கு: நம்மூரிலேயே பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று பழக்கத்தில் பிரான்சுக்குப் போட்டுவிடாதீர்கள். ஷெங்கனில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எந்த நாட்டில் அதிக நாளோ அந்த நாட்டுக்குத்தான் போட வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. நீங்கள் சொல்லும் வழியில் ஜெனோவா, சிவிதாவெக்கியா, நேப்பிள்ஸ் என்று மூன்று துறை இத்தாலி. பார்சிலோனாவில் எத்தனை இரவு தங்குகிறீர்கள் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மால்டாவும் ஷெங்கன்தான். கிழக்கு வழியில் குஷாதாசி துருக்கி, ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்ப நுழைகிறீர்கள், மல்டிபிள் என்ட்ரி (பல தடவை நுழையும்) விசா இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம், கோடைக்கு நேரம் கிடைப்பது கஷ்டம், இப்போதே பாருங்கள். கப்பல் கிளம்பும் நாளில் விமானத்தில் போய் இறங்காதீர்கள், ஒருநாள் முன்பே பார்சிலோனா போய்விடுங்கள், சென்னையிலிருந்து எப்படியும் ஒரு இடத்தில் மாறித்தான் போக வேண்டும்.

லாஸ்பேட்டை வாசு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மேற்கு வழிதான் என்று முடிவு. வீட்டுக்காரிக்கு சாண்டோரினிக்குப் பதில் வலெட்டாவில் போட்டோ என்று பேசி முடித்தாயிற்று, விலையாக ஒரு பட்டுப் புடவை. வாத்தியார் சார், நான் பார்த்து வைத்திருந்த கப்பல் நேப்பிள்ஸ் வருவது செவ்வாய்க்கிழமை! அடுத்த வாரம் போனாலும் அதே செவ்வாய்தான், அதனால் கப்பலையே மாற்றுகிறேன், இன்னொன்று வியாழன் வருகிறது, காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை. ரோமில் நாங்கள் இறங்கப்போவதில்லை.

நேற்று இரவு இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அரிக்கமேடு, சுஃப்ரேன், தூண் எல்லாவற்றையும் "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நேப்பிள்ஸில் கப்பல் ஊருக்கு நடுவிலேயே நிற்கும் என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "படகு வேண்டாமா? அப்படியே நடந்தே இறங்கிடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.