ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவு என்றால், சேலத்துக் காற்று ஏன் மலையேறி ஓடுவதில்லை?

அஸ்தம்பட்டிவாசி:
சேலத்திலிருந்து பேருந்தில் ஏற்காட்டுக்குச் செல்லும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடப்பதற்குள் காது அடைத்துக்கொள்வதையும் சிப்ஸ் பொட்டலம் உப்பிவிடுவதையும் எல்லோரும் அறிவோம். காற்றழுத்தம் அளக்கும் வசதியுள்ள என் கைப்பேசி, சேலத்தில் ஏறத்தாழ 980 ஹெக்டோபாஸ்கல் என்றும் ஏற்காட்டில் 850ஐ ஒட்டியும் காட்டுகிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று வீசும் என்றே பள்ளியில் படித்தோம். வங்கக் கடலில் சில ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே தாழ்வு மண்டலம் என்று அறிவிக்கிறார்கள். இங்கே 130 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருந்தும் மலையை நோக்கிச் சூறாவளி வீசாதது ஏன்? ஆடியில் மேற்கிலிருந்தும் கார்த்திகையில் வடகிழக்கிலிருந்தும் காற்று வருவதற்கும் இந்த அழுத்தம்தான் காரணமா?

ஓமலூர் ஆசிரியர் (ஓய்வு):
நல்ல கேள்வி, வகுப்பில் இதைக் கேட்ட மாணவர்கள் மிகக் குறைவு. ஓரிடத்தின் காற்றழுத்தம் என்பது அந்த இடத்துக்கு மேலே உள்ள காற்று முழுவதின் எடையால் உண்டாவது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரிலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டரிலும் இருப்பதால், இடைப்பட்ட 1,200 மீட்டர் காற்றின் எடையை ஏற்காடு சுமக்க வேண்டியதில்லை. கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும் அழுத்த வேறுபாடும் கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பும் ஏறக்குறைய சரிசமமாக இருப்பதால் காற்று அசையாமல் நிற்கிறது. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் அடுக்கிய மூட்டைகளில் அடிமூட்டைதான் மிகுதியாக நசுங்குகிறது. அதற்காக அது மேலே எழும்பி வருவதில்லை அல்லவா?

பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே 1648இல் பிரான்சின் புய் தெ தோம் மலைமீது, காற்றழுத்தம் அளக்கும் பாதரசக் குழாயை ஏற்றிச் சென்று, உயரம் கூடக்கூடப் பாதரச மட்டம் இறங்குவதைக் கண்டார். உங்கள் கைப்பேசியும் அதே சோதனையைத்தான் ஏற்காட்டுப் பேருந்தில் செய்கிறது. காற்று வீசுவதற்கு வேண்டியது ஒரே உயரத்தில் உள்ள இரண்டு இடங்களுக்கிடையே அழுத்த வேறுபாடு. அதனால்தான் வானிலையாளர்கள் எல்லா ஊர்களின் அழுத்தத்தையும் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டு மாற்றிய பிறகே ஒப்பிடுகிறார்கள். ஜூலையில் கேரளக் கரைக்கும் ராஜஸ்தானின் மேற்குப் பகுதிக்கும் இடையே அந்த வேறுபாடு 10 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் அதைத் தடுத்துச் சமன்செய்யப் புவியீர்ப்பு அங்கே உதவாது.

மலைத்தோட்டக்காரர்:
ஆசிரியர் ஐயா சொன்னது சரியே. ஆயினும் சேலத்துப் பக்கமிருந்து காற்று மலையேறுவதே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பகலில் மலைச்சரிவு சூடாகி, அதைத் தொட்டிருக்கும் காற்று, சமவெளிக்கு மேலே அதே உயரத்தில் உள்ள காற்றைவிட லேசாகிவிடுவதால், சரிவைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகலில் சேர்வராயன் மலைமீது முதலில் மேகம் திரள்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரவில் இது தலைகீழாகி, குளிர்ந்த காற்று வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. மார்கழியில் காபிச் செடிகளுக்கு மேட்டைவிடப் பள்ளத்தில்தான் குளிர் அதிகம்.

விண்ணோக்கி:
பருவக்காற்றைப் பற்றிய கேள்வி எஞ்சி நிற்கிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடான காற்று மேலெழுந்து, 15 கிலோமீட்டருக்கும் மேலே சென்று வடக்கும் தெற்குமாகப் பரவி, சுமார் 30 பாகை அட்சரேகையில் கீழிறங்கி, தரையை ஒட்டி மீண்டும் நிலநடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறது. பூமி சுழல்வதால் இந்தத் திரும்பும் காற்று வட அரைக்கோளத்தில் வலப்புறமும் தென் அரைக்கோளத்தில் இடப்புறமும் விலகி, வடகிழக்கு, தென்கிழக்கு வியாபாரக் காற்றுகளாகிறது. இதைச் சுழற்சியோடு இணைத்து 1735இல் விளக்கியவர் ஜார்ஜ் ஹேட்லி. விலக்கும் விசையின் முறையான கணக்கு கொரியோலிஸ் 1835இல் எழுதியதிலிருந்து வந்தது.

கோடையில் தாழ்வழுத்த மண்டலம் நிலநடுக்கோட்டை விட்டு வட இந்தியா வரை ஏறிவிடுகிறது. தென்கிழக்கு வியாபாரக் காற்று அதைத் தேடி நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. நீலகிரியும் மேற்குத் தொடர்ச்சி மலையும் மழையின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு மிச்சக் காற்றைத்தான் நமக்கு அனுப்புகின்றன. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று அதுவே. இன்னொரு செய்தி: இந்தப் பருவக்காற்று மிக வேகமாக ஓடுவது சுமார் 1.5 கிலோமீட்டர் உயரத்தில். ஏற்காட்டின் உயரமும் ஏறக்குறைய அதுவே.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்புறம் இருக்கும்; 1857இல் பைஸ் பாலட் வெளியிட்ட விதி இது. ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு முதுகைக் காட்டினால் உங்கள் இடக்கை வடக்கே நீளும். கார்த்திகையில் தென்கிழக்கே, அதாவது கடலை நோக்கி நீளும். மலையும் கட்டடமும் காற்றைத் திருப்பிவிடுவதால், தெருமுனையில் நில்லாமல் மொட்டைமாடியில் நின்று பாருங்கள்.

அஸ்தம்பட்டிவாசி:
அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: வீட்டில் அசையாமல் வைத்திருக்கும் கைப்பேசியிலும் மாலை 4 மணியளவில் நாள்தோறும் அழுத்தம் சற்றுக் குறைகிறதே, அது மழைக்கான அறிகுறியா?

விண்ணோக்கி:
இல்லை. சூரிய வெப்பம் வளிமண்டலம் முழுவதிலும் எழுப்பும் அலை அது. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் காலை, இரவு 10 மணியளவில் அழுத்தம் கூடுவதும், காலை, மாலை 4 மணியளவில் குறைவதும் தவறாமல் நடக்கும். ஏற்ற இறக்கம் சில ஹெக்டோபாஸ்கலுக்குள் அடங்கும். தாழ்வுநிலை நெருங்குகிறதா என்று பார்க்க விரும்பினால், இன்றைய மாலை 4 மணி அளவை நேற்றைய மாலை 4 மணி அளவோடு, அதே வீட்டில், அதே மாடியில் ஒப்பிடுங்கள். எட்டு, ஒன்பது மீட்டர் ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும்.