டெலவேர் ஆற்றில் பனிக்கட்டி, பிரின்ஸ்டன் சாலையில் சேறு: அமெரிக்க வரலாற்றில் பருவம் செய்த வேலை என்ன?

கரிசல்காட்டான்:

அமெரிக்க விடுதலைப் போரில் திருப்புமுனை என்று சொல்லப்படுபவை பலவும் பருவத்தோடு பின்னிக் கிடக்கின்றன. 1776 கிறிஸ்துமஸ் இரவில் வாஷிங்டனின் அமெரிக்கப் படை டெலவேர் ஆற்றைக் கடந்தது, 1777-78 குளிர்காலத்து வேலி ஃபோர்ஜ் முகாம், 1781 அக்டோபரில் யார்க்டவுன். பாடப் புத்தகங்கள் "கடுங்குளிரிலும் தளராத உறுதி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. மாணவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டும்.

பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் 18 பீரங்கிகளை எப்படி அக்கரை சேர்த்தார்கள்? ஏன் அந்த இரவு, ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா? பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஜெர்மானிய ஹெஸ்ஸியப் படை குடித்துக் கிடந்ததால்தான் தோற்றதா? போர்க்களத்துக்கு வெளியேயும் பருவம் போக்கை மாற்றியதுண்டா?

வடகரை:

கடைசிக் கேள்வியை மற்றவர்களுக்கு விடுகிறேன். ஆற்றைக் கடந்தவர்கள் ஹெஸ்ஸியர்களைத் தாக்கிய ஊரான டிரெண்டன் பற்றி மட்டும்.

ஒரு வாரம் பொறுக்க முடியாது. வாஷிங்டனின் படையில் பெரும்பாலோரின் ஒப்பந்தம் டிசம்பர் 31-ஓடு முடிகிறது. ஜனவரி பிறந்தால் ஆளே இருக்காது. இன்னொரு காரணம் ஆறு. நியூ ஜெர்சிக் கரையில் இருந்த படகுகளையெல்லாம் பல மைல் தூரத்துக்குத் திரட்டி, பென்சில்வேனியா பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். அதனால்தான் பிரிட்டிஷ் படை நியூ ஜெர்சியில் நின்றுவிட்டது. ஆறு முழுக்க உறைந்துவிட்டால் அந்தக் காவல் போய்விடும், எதிரி நடந்தே வரலாம்.

கடந்தது டர்ஹாம் படகுகளில். இரும்பும் தானியமும் ஏற்றிச் செல்லும் 40 முதல் 60 அடி நீளப் படகுகள் அவை, அகலம் சுமார் 8 அடி. அடி தட்டை என்பதால் சுமையோடும் ஆழம் குறைந்த நீரில் போகும், கழியூன்றித் தள்ளலாம். ஆனால் பக்கச் சுவர் உயரம், குதிரையை ஏற்ற முடியாது. குதிரைகளும் பீரங்கிகளும் போனது மக்கான்கி படகுத்துறையின் அகலமான தட்டைப் பரிசல்களில். தள்ளியவர்களில் முக்கியமானவர்கள் ஜான் குளோவரின் படைப்பிரிவு, மார்பிள்ஹெட் ஊர்க் கடலோடிகள்.

திட்டப்படி நள்ளிரவுக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கடைசிப் பீரங்கி கரையேறியபோது விடியற்காலை 3 மணி. நடை தொடங்கியது 4 மணிக்கு, டிரெண்டன் இன்னும் 9 மைல். இருட்டில் தாக்கும் வாய்ப்பு போயிற்று, தாக்குதல் காலை 8 மணியளவில். அதைவிட முக்கியம், மூன்று இடங்களில் கடக்க வேண்டியதில் வெற்றி ஒன்றில்தான். யூயிங்கின் பிரிவு கடக்கவேயில்லை. கேட்வாலடர் கொஞ்சம் காலாட்படையை அக்கரை சேர்த்தார், ஆனால் கரையோரம் குவிந்த பனிக்கட்டியின் மேல் பீரங்கியை இறக்க முடியாமல் திரும்பினார்.

வடகிழக்குப் புயல் இரண்டு பக்கமும் வெட்டியது. மழையும் பனியும் நனைத்ததில் துப்பாக்கிகள் சுடவில்லை. துணைத் தளபதி சல்லிவன் ஆளனுப்பிச் சொன்னபோது பயனெட்டால் (துப்பாக்கி முனைக் கத்தியால்) தாக்குங்கள் என்பதே வாஷிங்டனின் உத்தரவு. பீரங்கியின் வாயையும் திரித்துளையையும் அடைத்து வைக்கலாம், துப்பாக்கியைவிட ஈரத்தைத் தாங்கும். 2,400 பேருக்கு 18 பீரங்கி என்பது அந்தக் காலத்துக்கு மிக அதிகம். தெருமுனையில் அவற்றை நிறுத்திச் சுட்டதுதான் சண்டையை முடித்தது. புயல் அமெரிக்கர்களுக்கு முதுகில், ஹெஸ்ஸியர்களுக்கு முகத்தில்.

குடிபோதைக் கதைக்கு ஆதாரம் இல்லை. நாள் கணக்கில் உள்ளூர் மக்கள் படைகள் தொல்லை கொடுத்ததில் ஹெஸ்ஸியர்கள் களைத்திருந்தார்கள். புயலைக் காரணம் காட்டி விடியற்காலை ரோந்து கைவிடப்பட்டது. தளபதி ராலிடம் மேட்டில் அரண் கட்டச் சொல்லியிருந்தும் கட்டவில்லை. தோல்விக்கு இவை போதும். சுமார் 900 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள், ராலும் காயத்தால் இறந்தார்.

பலரும் தவறவிடுவது அடுத்த வாரத்தை. ஜனவரி 2 அன்று குளிர் தளர்ந்தது. பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் பிரின்ஸ்டனிலிருந்து டிரெண்டனுக்கு வந்த சாலை சேறாகிவிட்டது. வழிநெடுக அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களும் மறித்தார்கள். பத்துப் பன்னிரண்டு மைல் கடந்து அவர் சேர்ந்தபோது மாலை மங்கிவிட்டது. அசன்பிங்க் ஓடைப் பாலத்தில் மோதியும் முடியவில்லை, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். இரவில் காற்று திசை மாறிக் கடுங்குளிர் இறங்கியது, சேறு கல்லாக இறுகிவிட்டது. பகலில் பீரங்கி நகர முடியாத தரையில் இரவில் வண்டி ஓடியது. சக்கரங்களில் துணி சுற்றி, முகாமில் தீ எரியச் சில நூறு பேரை விட்டுவிட்டு, வாஷிங்டன் பின்வழியாகச் சுற்றி 3-ஆம் தேதி காலை பிரின்ஸ்டனைத் தாக்கினார். மாணவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள். குளிர் எவ்வளவு என்பதைவிடத் தரை இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா என்பதே கணக்கு.

தேன்மொழி:

வடகரை சொன்ன தரைக் கணக்குக்கு இரண்டு எடுத்துக்காட்டு, ஒன்று வெற்றி, ஒன்று தோல்வி.

1775 டிசம்பரில் வாஷிங்டனின் பீரங்கிப்படை அதிகாரி ஹென்றி நாக்ஸ், டிக்கான்டரோகா கோட்டையிலிருந்து 59 பீரங்கிகளை, பிரிட்டிஷார் வசமிருந்த பாஸ்டனின் முற்றுகைக்குக் கொண்டுவரக் கிளம்பினார். மொத்த எடை சுமார் 60 டன், சில பீரங்கிகள் தனியே 2 டன்னுக்கும் மேல். ஜார்ஜ் ஏரி உறையுமுன் படகில் கடத்திவிட வேண்டும். அதன்பின் நேர்மாறாக, பனி விழ வேண்டும், சறுக்குவண்டிகளை மாடும் குதிரையும் இழுக்க. ஹட்சன் ஆற்றிலோ உறைபனி தடிமனாக வேண்டும். தடிமன் போதாதபோது பனியில் துளையிட்டார்கள், மேலேறும் நீர் பரவி உறைந்து கனம் கூடும். அப்படியும் ஒரு பெரிய பீரங்கி உள்ளே விழுந்தது, ஆல்பனி மக்கள் உதவியோடு மீட்டார்கள். நடுவில் குளிர் தளர்ந்த நாட்களில் வெறுமனே காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாஸ்டனில் வேறு சிக்கல். டார்செஸ்டர் குன்றில் அரண் தோண்ட வேண்டும், தரையோ பாறை போல் உறைந்து கிடக்கிறது, மண்வெட்டி இறங்காது. அதனால் அரணைத் தோண்டாமல் முன்கூட்டியே செய்தார்கள். மரச் சட்டங்கள், சுள்ளிக் கட்டுகள், மண் நிரப்பும் கூடைகள் எல்லாம் தயார் செய்து, 1776 மார்ச் 4 இரவில் மாட்டு வண்டிகளில் ஏற்றினார்கள். எதிரி பார்வை படும் வழியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி மறைத்தார்கள். மண் நிரப்பிய பீப்பாய்களை முன்வரிசையில் வைத்தார்கள், ஏறி வருபவர்கள் மேல் உருட்டிவிடலாம். பிரிட்டிஷ் எதிர்த்தாக்குதலைப் புயல் கெடுத்தது. மார்ச் 17 அன்று பாஸ்டனைக் காலி செய்தார்கள்.

இனி தோல்வி. உள்நாட்டுப் போரில், 1863 ஜனவரி 20 அன்று வடக்குப் படையின் ஜெனரல் பர்ன்சைடு, ராப்பஹானக் ஆற்றைக் கடந்து தெற்குத் தளபதி லீயைச் சுற்றி வளைக்கப் புறப்பட்டார். புறப்படும்போது சாலை நன்றாக இறுகியிருந்தது. அன்றிரவு மழை தொடங்கி நிற்கவேயில்லை. வர்ஜீனியாவின் களிமண்ணில் பாலப் படகு வண்டிகள் அச்சு வரை புதைந்தன, இரட்டிப்பும் மும்மடங்குமாகக் கோவேறு கழுதைகளைப் பூட்டியும் அசையவில்லை. படகுகள் ஆற்றுக்கு வந்துசேராததால் திட்டமே செத்தது, சில நாட்களில் பர்ன்சைடின் பதவியும் போனது.

ஏன் அப்படிப் புதைகிறது? வடக்கே தரை ஆழமாக உறையும், வசந்தம் வரை அப்படியே நிற்கும். வர்ஜீனியாவில் உறைவதும் இளகுவதும் குளிர்காலம் முழுக்க மாறி மாறி நடக்கும். மேல்மண் இளகும்போது அடியில் உறைந்த அடுக்கு இருந்தால் நீர் இறங்க வழியில்லை. களிமண்ணாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். அதனால்தான் கிழக்குக் களத்தில் பெரிய படையெடுப்புகள் சாலை காயும்வரை காத்திருந்தன. சான்சலர்ஸ்வில் 1863 ஏப்ரல் கடைசியில், வடக்குத் தளபதி கிராண்டின் வில்டர்னஸ் 1864 மே தொடக்கத்தில். வரைபடத்தோடு மண் வகையையும் சேர்த்துப் படித்தால் உள்நாட்டுப் போரின் காலவரிசை பாதி புரிந்துவிடும்.

பாலாற்றுக்கரை:

கரிசல்காட்டான் ஐயா, வேலி ஃபோர்ஜ் பற்றி ஒரு திருத்தம். அந்தக் குளிர்காலம் விசேஷக் கடுமையானதல்ல. 1779-80-இல் மாரிஸ்டவுன் முகாம் பட்டதுதான் கொடுமை, அந்த ஆண்டு நியூயார்க் துறைமுகமே உறைந்தது. வேலி ஃபோர்ஜில் இறந்த ஏறத்தாழ 2,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது நோய். அந்தச் சாவுகளில் மிகுதியும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில், குளிர் விலகிய பிறகு.

காரணம் குடிலின் அமைப்பிலேயே இருக்கிறது. உத்தரவுப்படி ஒவ்வொன்றும் 14-க்கு 16 அடி, சுவர் உயரம் ஆறரை அடி, 12 பேருக்கு ஒன்று. மரத்துண்டுகளின் இடைவெளியை மண் பூசி அடைக்க வேண்டும், அடுப்பின் உட்புறம் 18 அங்குலக் களிமண். வேகமாக முடிக்கப் பலர் தரையைத் தோண்டி இறக்கிக் கட்டினார்கள், ஈரம் தேங்கியது. பச்சை விறகு புகைந்தது. பனி உருகியதும் செத்த குதிரைகளும் கழிவுக் குழிகளும் வெளிப்பட்டன. டைபஸ், டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு எல்லாம் ஒன்றாகப் பரவின. வசந்தத்தில் காற்று வரச் சுவரின் மண்பூச்சை இடித்துவிட உத்தரவு வந்தது அதனால்தான்.

யார்க்டவுனிலும் பருவம் உண்டு. பிரெஞ்சுத் தளபதி டி கிராஸ் தன் கப்பல்களைக் கரீபியனிலிருந்து வடக்கே கொண்டுவந்தது ஆகஸ்டில். அது அங்கே சூறாவளிப் பருவம், பெரிய கப்பற்படையை அங்கே வைத்திருப்பதே ஆபத்து. இலையுதிர்காலத்துக்குள் திரும்பியாக வேண்டும் என்ற கெடுவும் கூடவே வந்தது. அந்தச் சில வாரங்களுக்குள் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி ரோஷாம்போவும் நியூயார்க் பக்கமிருந்து வர்ஜீனியா வரை நடந்து சேர வேண்டியிருந்தது. யார்க்டவுனில் இருந்த காரன்வாலிஸின் ஆட்களோ கோடை முழுக்கச் சதுப்புக் கரையில் மலேரியாவில் படுத்தவர்கள். அக்டோபர் 16 இரவில் யார்க் ஆற்றைக் கடந்து குளோஸ்டர் பக்கம் தப்பப் பார்த்தார், சூறைக்காற்று படகுகளைச் சிதறடித்தது. 19-ஆம் தேதி சரணடைவு.

அதே காரன்வாலிஸ்தான் 1791-இல் திப்புவின் மேல் படையெடுத்தவர். பெங்களூரைப் பிடித்துவிட்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். மழை முந்திவிட்டது, காவிரி பெருகியது, தீவனமின்றி மாடுகள் செத்தன. முற்றுகைப் பீரங்கிகளை இழுக்க வழியில்லாமல் தாமே உடைத்துவிட்டுப் பின்வாங்கினார். அடுத்த முறை அவர் வந்தது 1792 பிப்ரவரியில், ஆறு வற்றும் காலத்தில். திப்பு அப்போது உடன்படிக்கைக்கு இறங்கினார். தமிழ் மாணவர்களுக்குப் பிரின்ஸ்டன் சாலையைவிடக் காவிரி வெள்ளம் சட்டென்று புரியும்.

முகவை வாசகன்:

போருக்கு வெளியே கேட்டிருந்தீர்கள். அமெரிக்கத் தேர்தல் நாளே உழவர் நாட்காட்டிதான்.

1845 சட்டம் நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று நிர்ணயித்தது. அறுவடை முடிந்திருக்கும், கடும்பனி இன்னும் சாலையை மூடியிருக்காது. ஞாயிறு தேவாலயம், திங்களன்று கிளம்பினால் செவ்வாய் வாக்குச்சாவடி சேரலாம்.

ஆனால் பதவியேற்பு மார்ச் 4. குதிரையும் படகும் ஓடிய காலத்துக்கு அந்த நான்கு மாத இடைவெளி சரி, பின்னால் அது பெரிய ஓட்டையாகிவிட்டது. லிங்கன் 1860 நவம்பர் 6-இல் வென்றார். அவர் பதவியேற்கும் முன்னரே, டிசம்பர் 20-இல் தென் கரோலினாவில் தொடங்கி, ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. செயல்பட வேண்டிய, பதவி விலகும் அதிபர் புக்கானனுக்குத் துணிவில்லை, துணிய வேண்டியவருக்கு அதிகாரம் இல்லை. 1932-33 குளிர்காலத்திலும் அதே கதை. ரூஸ்வெல்ட் வென்று காத்திருந்த மாதங்களில் வங்கிகள் வரிசையாகச் சாய்ந்தன, மார்ச் 4 காலைக்குள் பெரும்பாலான மாநிலங்கள் வங்கிகளை மூடியோ கட்டுப்படுத்தியோ வைத்திருந்தன. அரசியல் சட்டத்தின் 20-ஆம் திருத்தம் 1933 ஜனவரியில் நிறைவேறிப் பதவியேற்பு நாளை ஜனவரி 20-க்கு மாற்றியது, முதலில் நடைமுறைக்கு வந்தது 1937-இல். லிங்கனின் குளிர்காலத்தை வகுப்பில் ஒரு பாடமாகவே எடுக்கலாம்.

கரிசல்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். டெலவேர் பாதி உறைந்திருந்தது என்றால், இன்னும் கொஞ்சம் உறைந்திருந்தால் படகே வேண்டாமே, வாஷிங்டனுக்கும் அது எளிதுதானே?

வடகரை:

இல்லை, இடைப்பட்ட நிலைதான் மோசம். ஆள் நடக்கத் தெளிந்த புதுப் பனி சுமார் 4 அங்குலம் வேண்டும், ஒரு கார் ஏற அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. குதிரை பூட்டிய பீரங்கியையும் அந்தக் கணக்கில் வையுங்கள். அதுவும் ஏரியில், ஓடும் ஆற்றில் ஒரே தடிமன் கிடைக்காது, நீரோட்டம் வேகமான இடத்தில் மெலிந்திருக்கும். மூன்று அங்குலம் உறைந்திருந்தால் படகும் போகாது, ஆளும் போக முடியாது. டிசம்பர் 25 இரவில் இருந்தது பலகை பலகையாக மிதந்து வந்த கட்டிகள், கழியால் தள்ளிவிட்டு நடுவே போக முடிந்தது. கேட்வாலடருக்குக் கிடைத்தது கரையோரம் ஒட்டி நின்ற பனி: படகு அணைய முடியாத அளவு கனம், பீரங்கி தாங்காத அளவு மெலிவு. சில மைல் இடைவெளியில் ஒரே ஆறு, ஒரே இரவு.