அப்பா அம்மாவுக்கு மெடிகேர் வந்துவிட்டதா? அடுத்த ஆறு மாதத்தைக் கோட்டை விடாதீர்கள்

பெற்றோரை கிரீன் கார்டில் அமெரிக்காவுக்கு அழைத்து வந்துவிட்டு, ஐந்து வருடம் எப்போது முடியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவ இன்ஷூரன்ஸ். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் அந்த கார்டு தபாலில் வந்ததும், வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அதோடு சேர்த்து இன்னொரு துணை இன்ஷூரன்ஸும் வாங்க வேண்டும். நான் அப்படித்தான் நினைத்தேன். அதன் பாதிப்பை அப்பா இன்றும் சுமக்கிறார்.

முதலில் அடிப்படை. 65 வயதாகி, கிரீன் கார்டோடு ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்தவர்கள் மெடிகேரில் சேரலாம். நடுவில் மாதக்கணக்கில் ஊரில் தங்கினால் "தொடர்ந்து" என்பதிலேயே சிக்கல் வரலாம், கவனம். தானோ கணவன் அல்லது மனைவியோ இங்கே 40 குவார்ட்டர், அதாவது சுமார் பத்து வருடம் வேலை பார்த்திருந்தால், ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ இலவசம். பிள்ளைகள் கட்டிய வரி பெற்றோர் கணக்கில் சேராது. அதனால் நம்மில் பலர் பெற்றோருக்குப் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும்: 2026-ல் பார்ட் ஏ மாதம் 565 டாலர், டாக்டர், ஸ்கேன், வெளிநோயாளி சிகிச்சைக்கான பார்ட் பி 202.90 டாலர். ஒருவருக்கே 767.90.

இந்தத் தொகையைப் பார்த்து பலர் பார்ட் பி மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கையைக் கடிக்கும் தொகைதான், புரிகிறது. ஆனால் மெடிகேப் என்கிற சப்ளிமென்ட் இன்ஷூரன்ஸ் வாங்க ஏ, பி இரண்டும் கையில் இருக்க வேண்டும். பி மட்டும் இருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

சரி, மெடிகேர் இருக்கும்போது இன்னொரு இன்ஷூரன்ஸ் எதற்கு? ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் முதல் 1,736 டாலர் நம்முடையது. பார்ட் பி-யில் வருடத்துக்கு 283 டாலர் நாம் கட்டிய பிறகு, மெடிகேர் 80 சதவீதம் கொடுக்கும். மீதி 20 சதவீதம் நம் தலையில். அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகை 50,000 டாலர் என்றால் கிட்டத்தட்ட 10,000 நீங்கள் கட்ட வேண்டும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் மெடிகேப்.

இப்போது என் வீட்டுக் கதை. நாங்கள் இருப்பது டெக்சாஸில். அப்பாவுக்கு 2022-ல் ஏ, பி இரண்டும் வாங்கினேன். மெடிகேப்பை மட்டும் "மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டேன். ஒன்பது மாதம் போனது. சர்க்கரையால் கண்ணில் பிரச்சினை வந்து ஊசி போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் 20 சதவீத பில் தனியாக வந்தது. அப்போதுதான் அவசர அவசரமாக ஒரு கம்பெனியைக் கூப்பிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இதயத்தில் ஸ்டென்ட் உண்டா, சர்க்கரைக்கு இன்சுலின் உண்டா, கண்ணில் பாதிப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அப்பா உண்மையைச் சொன்னார். ஒரு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது.

அவர்கள் சட்டத்தை மீறவில்லை. 65 வயதுக்கு மேல் பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம் மட்டுமே மெடிகேப்புக்கான ஓபன் என்ரோல்மென்ட். அந்த ஆறு மாதத்தில் எந்த நோய் இருந்தாலும் மறுக்கவோ அதற்காகக் கூடுதல் பிரீமியம் கேட்கவோ முடியாது. அது தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்டு மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் மட்டும் எப்போதும் வாங்க முடியும். அங்கே இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பழைய நோய்க்கு ஆறு மாதம் வரை காத்திருக்கச் சொல்ல மட்டும் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே மார்க்கெட்பிளேஸ் (ஒபாமாகேர்) இன்ஷூரன்ஸ் இருந்திருந்தால் அந்த மாதங்கள் கழியும். ஆகவே மெடிகேர் தொடங்கும் நாள் வரை பழைய இன்ஷூரன்ஸை விட்டுவிடாதீர்கள்.

எந்த பிளான் என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் தவிர மற்ற மாநிலங்களில் மெடிகேப் பிளான்களுக்கு ஆங்கில எழுத்துதான் பெயர். ஒரே எழுத்து என்றால் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றே. விலைதான் மாறும். யாராவது பிளான் எஃப் சிறந்தது என்றால், 2020 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ 65 வயதை எட்டியவர்களுக்கு அது கிடையாது. அதனால் நம்மில் பலருக்கு பிளான் ஜி (G) அல்லது பிளான் என் (N). ஜி எடுத்தால் அந்த 283 டாலர் தவிர ஏ, பி சம்பந்தப்பட்ட நம் பங்கு ஏறக்குறைய முழுதும் அடங்கிவிடும். என்-இல் பிரீமியம் குறையும்; ஆனால் டாக்டரைப் பார்க்க 20 டாலர் வரை, எமர்ஜென்சிக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் 50 டாலர் வரை கட்ட வேண்டும். மெடிகேர் கட்டணத்துக்கு மேல் 15 சதவீதம் வரை சில டாக்டர்கள் கேட்கலாம், அதையும் பிளான் என் தராது. மாதம் இரண்டு மூன்று டாக்டரைப் பார்க்கும் பெற்றோருக்கு நான் ஜி-தான் சொல்வேன்.

விலை கேட்கும்போது இன்றைய விலையை மட்டும் கேட்காதீர்கள். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும் வகையா, வாங்கிய வயதை வைத்து நிர்ணயிக்கும் வகையா, எல்லா வயதுக்கும் ஒரே விலையா என்று கேளுங்கள். எழுபது வயதில் மலிவாகத் தெரிவது எண்பதில் பெரிய தொகையாகலாம். கணவன் மனைவிக்குத் தனித்தனி பாலிசி வேண்டும். மருந்துக்கு மெடிகேப் உதவாது. பார்ட் டி தனியாக எடுங்கள், தாமதித்தால் அபராதம் மாதாமாதம் சேர்ந்துகொண்டே வரும்.

"அட்வான்டேஜ் பிளானில் பிரீமியமே இல்லையாமே?" என்று பலர் கேட்கிறார்கள். அது மெடிகேர் பலன்களைத் தனியார் கம்பெனி மூலம் பெறும் வேறு வழி. அதையும் மெடிகேப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. அப்பா இப்போது அதில்தான் இருக்கிறார். செலவுக்கு வருடாந்திர உச்சவரம்பு உண்டு, அது நல்ல விஷயம். ஆனால் நெட்வொர்க் டாக்டர், முன் அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

விற்பவர்களிடம் பேசும் முன் உங்கள் மாநிலத்தின் ஷிப் (SHIP) என்கிற மெடிகேர் உதவித் திட்டத்தின் ஆலோசகரிடம் பேசுங்கள். கட்டணம் இல்லை, எதையும் விற்கவும் மாட்டார்கள்.

அம்மாவுக்கு 2024-ல் முறை வந்தது. தமிழ்க் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில், பார்ட் பி தொடங்கும் மாதத்தையும் ஆறாவது மாதத்தையும் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டேன். இரண்டாம் வாரமே பிளான் ஜி-க்கு விண்ணப்பித்தோம். கார்டு எண், தொடங்கும் தேதி கேட்டார்கள். "முட்டி வலி, பிரஷர் எல்லாம் கேக்கவே இல்லையேடா?" என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

ஊருக்குப் போகும் பெற்றோருக்கும் ஜி, என் இரண்டிலும் ஒரு பலன் உண்டு. பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கும் அவசர சிகிச்சைக்கு, 250 டாலர் கழித்து 80 சதவீதம் கிடைக்கும். ஆயுளுக்கு 50,000 டாலர் வரை. மதுரையிலோ சென்னையிலோ அப்படி அட்மிட் ஆனால், டிஸ்சார்ஜ் சம்மரியும் பணம் கட்டிய ஒரிஜினல் ரசீதும் வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதீர்கள்.