புதுப்பிப்பு: ஸ்லீப்பிலிருந்து உடனே விழித்துக்கொண்ட ஹேக்கின்டாஷ், யூஎஸ்பி மேப்பிங்கால் சரியானது

ஆப்பிள் தயாரிக்காத கணினியிலும் மேக்ஓஎஸ்ஸை இயக்க உதவும் ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் வழியாக மேக்ஓஎஸ் நிறுவிய என் கணினி (இப்படிப்பட்டதைத்தான் ஹேக்கின்டாஷ் என்கிறார்கள்), ஸ்லீப்புக்குச் சென்ற சில நொடிகளிலேயே தானாக விழித்துக்கொள்வதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். அது இப்போது தீர்ந்துவிட்டது. யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பயாஸில் வேக் ஆன் லேனை (நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வசதி) அணைத்ததில் எந்த மாற்றமும் இல்லை. கைகொடுத்தது, யூஎஸ்பி போர்ட்களை முறையாக மேப் செய்யச் சொன்ன (எந்தெந்தப் போர்ட்கள் உள்ளன, அவை என்ன வகை என்று மேக்ஓஎஸ்ஸுக்குப் பட்டியலிட்டுத் தருவது) யோசனைதான். மேக்ஓஎஸ் ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு (போர்ட்களை நிர்வகிக்கும் சிப்) 15 போர்ட்களை மட்டுமே ஏற்கிறது. யூஎஸ்பி 3 போர்ட் ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கிடப்படுவதால், அந்த வரம்பு நாம் நினைப்பதைவிட விரைவில் நிரம்பிவிடும். வரம்பை நீக்கும் ஓப்பன்கோர் அமைப்போ மேக்ஓஎஸ் 11.3 பதிப்பிலிருந்து பயன்படுவதில்லை. ஆகவே விண்டோஸில் யூஎஸ்பி டூல்பாக்ஸ் என்ற மேப்பிங் கருவியை இயக்கி, ஒவ்வொரு போர்ட்டிலும் பென்டிரைவைச் செருகிப் பட்டியல் எடுத்து, தேவையற்றவற்றை நீக்கிய பின், புளூடூத் இணைந்துள்ள போர்ட்டின் வகையை 255, அதாவது உள் இணைப்பு என்று மாற்றினேன். காரணமற்ற விழிப்பு நின்றது இந்தக் கடைசி மாற்றத்துக்குப் பிறகுதான்.

எதிர்பாராத ஒன்று: பலரும் வலியுறுத்திய ஜிபிஆர்டபிள்யூ (GPRW) பேட்ச், அதாவது உடனடி விழிப்பைத் தடுக்கும் திருத்தம், தேவைப்படவே இல்லை. சோதனைக்காக அதைச் சேர்த்தபோது கீபோர்டால் கணினியை எழுப்ப முடியாமல், ஒவ்வொரு முறையும் பவர் பட்டனை அழுத்த வேண்டியிருந்ததால் (எனக்கு இது பெரிய தொல்லை) அதை எடுத்துவிட்டேன். 15 போர்ட் வரம்பால், முன்பக்க டைப்-சி போர்ட்டுக்கு மட்டும் பட்டியலில் இடமில்லை.