பிஎஸ்3 இல்லாமல் ப்ளூரே ஜெயித்திருக்குமா?

இரவுப்பறவை:
வணக்கம் நண்பர்களே. சித்தப்பா வீடு மாறும்போது அவருடைய பழைய பிளேஸ்டேஷன் 3ஐ (பிஎஸ்3, சோனியின் விளையாட்டுப் பெட்டி) எனக்குக் கொடுத்துவிட்டார், கூடவே ஓர் அட்டைப்பெட்டி நிறைய ப்ளூரே டிஸ்க்குகள். கொடுக்கும்போது, "இந்த விளையாட்டுப் பெட்டி மட்டும் வராமல் இருந்திருந்தால் இதெல்லாம் எச்டி டிவிடியாக இருந்திருக்கும்டா" என்றார். டிவிடிக்கு அடுத்த டிஸ்க் வடிவம் எது என்று சோனி பக்கத்து ப்ளூரேவும் தோஷிபா பக்கத்து எச்டி டிவிடியும் போட்ட அந்தச் சண்டை நடந்தபோது நான் இரண்டாம் வகுப்பு, எதுவும் தெரியாது. தேடிப் படித்தால் பாதிப் பேர் சித்தப்பா சொன்னதையே சொல்கிறார்கள், மீதிப் பேர் வார்னர் என்ற படக் கம்பெனி கட்சி மாறியதுதான் காரணம் என்கிறார்கள். எது சரி? மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிக்கும் எச்டி டிவிடி டிரைவ் இருந்ததாமே, அது ஏன் எடுபடவில்லை?

இன்னொரு சின்னச் சந்தேகம்: வீட்டில் இருக்கிற எந்த ரிமோட்டுக்கும் இந்த பிஎஸ்3 அசையவே மாட்டேன் என்கிறது. ரிப்பேரா?

பழையபெட்டி:
தம்பி, உங்கள் சித்தப்பா சொன்னது சரிதான். நான் அப்போது வேலைக்காக நியூ ஜெர்சியில் இருந்தேன், இரண்டு பெட்டியும் என் வீட்டில் இருந்தன, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2006ல் களத்தில் முந்தியது எச்டி டிவிடிதான். அமெரிக்காவில் ஏப்ரலில் தோஷிபாவின் பிளேயர் 499 டாலருக்கு வந்தது. ஜூனில் சாம்சங்கின் ப்ளூரே பிளேயர் வந்தபோது அதன் விலை 999. ஏறத்தாழ இரண்டு மடங்கு! இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டுமே நீல ஊதா லேசரில்தான் படிக்கும், ஆனால் எச்டி டிவிடியில் தகவல் இருக்கும் அடுக்கு டிவிடியில் இருப்பது போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும், அதனால் ஏற்கெனவே டிவிடி அடித்துக்கொண்டிருந்த ஆலைகளே கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும். ப்ளூரேயில் அது மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கும். அதனால் ஓர் அடுக்கில் 15 ஜிபிக்குப் பதிலாக 25 ஜிபி கொள்ளும், ஆனால் ஆலை புதிது, செலவு புதிது, கீறல் விழுந்தால் ஆபத்தும் அதிகம் (ஜப்பானில் வந்த முதல் ப்ளூரே ரெக்கார்டருக்கு டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேதான் போட வேண்டும், கடினமான மேல்பூச்சு வந்த பிறகுதான் அந்த உறை போனது).

இந்த நிலைமையில்தான் அதே வருஷம் நவம்பரில் பிஎஸ்3 499 டாலருக்கும் 599 டாலருக்கும் வந்தது. விளையாட்டுப் பெட்டி என்று பார்த்தால் கொள்ளை விலை. ப்ளூரே பிளேயர் என்று பார்த்தால் அன்றைக்குச் சந்தையிலேயே மலிவு. சந்தையில் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாகப் போடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி விளையாட வாங்கியவன் வீட்டுக்குள் ப்ளூரே கொசுறாக நுழைந்துவிட்டது. என் அறைத்தோழன் கார் பந்தயம் ஆட மட்டும்தான் அதை வாங்கினான். பெட்டிக்குள் இருந்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த சாதாரண ஏவி கேபிள்தான், முதல் வாரம் அதிலேயே ஓட்டினோம், படம் டிவிடி மாதிரிதான் தெரிந்தது. அப்புறம் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி மாட்டி, ஒரு ப்ளூரே டிஸ்க்கை அந்த நீளமான வாயில் வைத்தால் அதுவே உள்ளே இழுத்துக்கொண்டது, படத்தில் ஒருவர் போட்டிருந்த கோட்டின் நெசவு நூல் நூலாகத் தெரிந்தது. அன்றைக்கு இரவே அவன் இன்னும் நான்கு படம் ஆர்டர் பண்ணினான்.

எக்ஸ்பாக்ஸ் பக்கம் என்ன ஆயிற்று? 360 வந்தது 2005 நவம்பரில், அப்போது எச்டி டிவிடி கடைக்கே வரவில்லை, உள்ளே வைக்க வழியே இல்லை. ஒரு வருஷம் கழித்து 199 டாலருக்குத் தனியாக ஒரு டிரைவ் விட்டார்கள். அதற்கு ஒரு யூஎஸ்பி வயர், தனியாக ஒரு கரண்டு அடாப்டர், டிவிக்குக் கீழே இடம் எல்லாம் வேண்டும். அதில் படம் மட்டும்தான் பார்க்கலாம், விளையாட்டெல்லாம் பழைய டிவிடியிலேயே வந்தது. நான் வாங்கினேன், நன்றாகவே ஓடியது, ஆனால் வேண்டும் என்று முடிவெடுத்து வாங்குகிறவன்தானே அதை வாங்குவான்? கொசுறைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொன்னால் எத்தனை பேர் வாங்குவார்கள்?

ரிமோட் விஷயம்: ரிப்பேர் இல்லை. பிஎஸ்3ல் இன்ஃப்ராரெட் கிடையாது, ப்ளூடூத் ரிமோட்தான் எடுக்கும். இல்லாவிட்டால் கன்ட்ரோலரே போதும்.

மின்மினி:
பழையபெட்டி அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஸ்டுடியோக்களை இவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. பெட்டி வீட்டில் இருந்தால் மட்டும் டிஸ்க் விற்றுவிடாது. எச்டி டிவிடிக்காரர்கள் அப்போது சொன்ன வாதமே அதுதான்: பிஎஸ்3 வாங்கியவர்களில் நிறையப் பேர் படமே வாங்குவதில்லை, எங்கள் பிளேயரை வாங்குகிறவர்தான் ஒவ்வொருவரும் அதிகம் வாங்குகிறார் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்டி டிவிடிக்கு மட்டும்தான் தருவோம் என்று போய்விட்டன, யூனிவர்சல் முதலிலிருந்தே அங்கேதான். நவம்பரில் வால்மார்ட்டில் ஒரு தோஷிபா பிளேயர் 98 டாலர் சொச்சத்துக்குப் போனது. அன்றைக்கு யாரையாவது கேட்டிருந்தால் இழுபறி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கதையை முடித்தது 2008 ஜனவரி 4. அதுவரை இரண்டு வடிவத்திலும் படம் விட்டுக்கொண்டிருந்த வார்னர், இனி ப்ளூரே மட்டும் என்று அறிவித்தது. லாஸ் வேகாஸ் மின்னணுப் பொருள் கண்காட்சி தொடங்க இரண்டு மூன்று நாள்தான் இருந்தது, எச்டி டிவிடி அணி தன் பத்திரிகையாளர் சந்திப்பையே ரத்து செய்தது. பிப்ரவரியில் அப்போது டிஸ்க் வாடகைக்கு விட்ட நெட்ஃபிளிக்ஸ், கடைகளான பெஸ்ட் பை, வால்மார்ட் என்று வரிசையாக எச்டி டிவிடியைக் கைவிட்டன, 19ஆம் தேதி தோஷிபா நிறுத்திக்கொண்டது. ஆறே வாரம். சோனியிடம் கொலம்பியா பிக்சர்ஸ் 1989லிருந்தே இருக்கிறது, டிஸ்னியும் ஃபாக்ஸும் ப்ளூரே பக்கம். இவ்வளவு படபலம் இல்லாமல் பிஎஸ்3 மட்டும் என்ன செய்திருக்கும்?

பழையபெட்டி:
சரி, வார்னர் ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள் மின்மினி. 2007 முழுக்க அமெரிக்காவில் ப்ளூரே டிஸ்க்குகள் எச்டி டிவிடியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விற்றன. தோஷிபா நிறுத்தும்போது உலகம் முழுக்க விற்றிருந்த எச்டி டிவிடி பெட்டிகள் சுமார் பத்து லட்சம். பிஎஸ்3 2007 முடியும்போதே ஒரு கோடியைத் தாண்டிக் கடைகளுக்குப் போயிருந்தது. பத்துப் பேரில் ஒருவர் படம் வாங்கினாலே அந்தக் கணக்கு சமமாகிவிடும்.

சேலம்காரன்:
இருவருமே சோனி தோற்ற ஆட்டத்தை விட்டுவிட்டீர்கள். 2004 டிசம்பரில் ஜப்பானில் பிஎஸ்பி என்ற சோனியின் கையடக்க விளையாட்டுப் பெட்டியோடு யூஎம்டி என்று ஒரு குட்டி டிஸ்க் வந்தது, 1.8 ஜிபி, பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். அதில் படங்களும் விட்டார்கள். பிஎஸ்பியும் கோடிக்கணக்கில் விற்றது, சோனியிடம் படங்களும் இருந்தன, பழையபெட்டி சொல்லும் கொசுறும் இருந்தது, மின்மினி சொல்லும் படபலமும் இருந்தது. ஆனாலும் படுத்துவிட்டது. ஏனென்றால் அந்த டிஸ்க்கை வேறு எந்தப் பெட்டியிலும் போட முடியாது. அப்பா அம்மாவோடு ஹாலில் உட்கார்ந்து பார்க்க முடியாத படத்தை, டிவிடி விலைக்கு யார் வாங்குவார்கள்?

இதற்கு நேரெதிர் பிஎஸ்2. 2000 மார்ச்சில் ஜப்பானில் 39,800 யென்னுக்கு வந்தது, அப்போது அங்கே நிறைய வீடுகளில் முதல் டிவிடி பிளேயரே அதுதான். அந்த டிஸ்க்கைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், கணினியில் போடலாம். அதனால் கேம் கன்சோல் ஒரு வடிவத்தைத் தள்ளிவிட முடியும், ஆனால் அந்த வடிவத்துக்கு வெளியிலும் பிளேயர் இருக்க வேண்டும். ப்ளூரேக்கு சாம்சங், பானசோனிக், பயோனியர் எல்லாரும் பெட்டி செய்தார்கள். எச்டி டிவிடியில் பெரும்பாலும் தோஷிபா மட்டும்தான் சுமந்தது. எனக்கு அதுதான் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

ஒரு வருத்தமும் உண்டு. இந்தச் சண்டைக்காகவே பிஎஸ்3 விலை ஏறியது, நீல லேசர் டயோடு பற்றாக்குறையால் ஐரோப்பாவுக்கு 2007 மார்ச் வரை வரவில்லை. பிஎஸ்2 15 கோடிக்கு மேல் விற்றது, பிஎஸ்3 9 கோடியைக்கூடத் தொடவில்லை. இப்போது பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே இல்லை, தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

இரவுப்பறவை:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. சித்தப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன், யூஎம்டி பற்றிச் சொன்னதும் "அதுவும் என்னிடம் இரண்டு இருக்கிறது" என்றார். கன்ட்ரோலரில் படம் ஓடுகிறது. ஆனால் பெட்டியிலிருந்த ஐந்து டிஸ்க்கில் மட்டும் பிராந்தியம் பொருந்தவில்லை என்று வருகிறது, பின்பக்கம் உலக உருண்டைப் படத்துக்குள் ஏ என்று போட்டிருக்கிறது.

பழையபெட்டி:
அவை அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கியவையாக இருக்கும். ப்ளூரே படங்கள் விற்கும் நாட்டைப் பொறுத்துப் பிராந்தியமாகப் பிரிக்கப்பட்டவை, இந்தியா சி பிராந்தியம், உங்கள் பிஎஸ்3 இங்கே வாங்கியது என்றால் அந்த ஐந்தும் அதில் ஓடாது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ பிராந்தியம்தான், அங்கே சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் கொடுங்கள்.