லக்சரில் கல்லறை வெட்டியவர்களின் கல்லறை

எகிப்தில் உள்ள லக்சருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அரசர்களின் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். எங்கள் ஓட்டுநரும் அதைத்தான் எதிர்பார்த்தார். நான் பிடிவாதமாக தேர் எல்-மதீனாவுக்கு விடச் சொன்னேன். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு இருந்த ஊர் அது. வீடுகளின் அடிச்சுவர்கள்தான் மிச்சம். தங்களுக்கான கல்லறைகளை ஊரை ஒட்டிய சரிவிலேயே வெட்டிக்கொண்டார்கள்.

சென்னெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறைக்குள் இறங்கினேன். செங்குத்தான குறுகிய படி; இரண்டு இடத்தில் தலையை இடித்துக்கொண்டேன். உள்ளே சின்ன அறை, சுவரும் கூரையும் முழுக்க மஞ்சள் பின்னணியில் ஓவியம். மறுவுலக வயலில் அவரும் மனைவி இய்நெஃபெர்ட்டியும் கோதுமை அறுக்கிறார்கள், நன்றாக வெளுத்த வெள்ளை உடையில்! ஆயுசு முழுக்கப் பாறைத் தூசியில் கிடந்தவருக்கு அந்த ஆசை நியாயம்தான். 1886இல் திறந்தபோது உள்ளே சுமார் 20 உடல்கள் இருந்தன. பொருட்கள் கெய்ரோ, நியூயார்க், பெர்லின் என்று போய்விட்டன. மரக்கதவுகூட கெய்ரோவில்தான்.

---

ஒரு வாசகர்: அதே ஊர்க்காரர்களை நான் லண்டனில் பார்த்தேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு சுண்ணாம்புக் கல். எகிப்து அரசர் இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டில் 40 பேர், 280 நாட்களில் யார் எப்போது வேலைக்கு வரவில்லை என்ற கணக்கு. தேதி கறுப்பு மையில், காரணம் அதற்கு மேலே சிவப்பில். தேள் கொட்டியது. கண் நோய். பீர் காய்ச்சினான். தாயின் உடலைத் துணியால் சுற்றப் போனான்.

நான் பத்து வருஷம் கட்டட வேலையில் மஸ்டர் ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேடு, எழுதியவன். ஒரே ஆளுக்கு மூன்று முறை பாட்டி செத்ததைப் பார்த்திருக்கிறேன். பீர் காய்ச்ச யாராவது லீவு கேட்டிருந்தால் 'சொந்த வேலை' என்றுதான் போட்டிருப்பேன். அந்தக் கணக்குப்பிள்ளை பட்டென்று எழுதிவிட்டார்.

---

கட்டுரையாளரின் பதில்: மஸ்டர் ரோல்! அப்படியானால் நீங்கள் அந்த ஊர்ப் பெரிய குழியையும் பார்க்க வேண்டும். தண்ணீருக்காகத் தோண்டி, ஏறத்தாழ 50 மீட்டர் போயும் ஊற்று வரவில்லை. அப்புறம் குப்பைக் குழியாகிவிட்டது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதைக் கிளறியபோதுதான் எழுத்துள்ள கல், பானைச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். அடி தெரியவில்லை. அதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.