‘கோ அரவுண்ட்’: சொல்லாமல் விட்டவர்கள், சொல்லக் கேட்டவர்கள் – அனுபவப் பகிர்வு

வலது சீட்:
பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

737 விமானம், ராத்திரி லேண்டிங், நான் கோ-பைலட். 40 மைல் இருக்கும்போது ஏடிசி (விமானக் கட்டுப்பாட்டு அறை), சுற்றி வர வேண்டாம், நேராக ஃபைனலுக்கு, அதாவது ரன்வேக்கு நேரான கடைசிப் பாதைக்கு வாங்க என்றார்கள். கேப்டன் யோசிக்கவே இல்லை, “வாங்கிக்கோ” என்றார். உயரம் ரொம்ப அதிகம். வேகமும் உயரமும் குறைய கியரை (சக்கரங்களை) சீக்கிரமே இறக்கினோம், இறக்கை மேல் இருக்கும் ஸ்பீடு பிரேக்கை இழுத்தோம். ஆயிரம் அடியில் 145 நாட் இருக்க வேண்டிய வேகம் 178. மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடிப்பு, ஃபிளாப், 15-ஐத் தாண்டவில்லை. “சிங்க் ரேட்”, ரொம்ப வேகமாக இறங்குகிறாய் என்று மெஷின் கத்துகிறது. நான் “ஸ்பீடு, சார்” என்றேன். “தெரியுது, கரெக்ட் பண்றேன்.” மறுபடியும் “ஸ்பீடு, சார்.” சொல்ல வேண்டிய வார்த்தை அது இல்லை என்று எனக்குத் தெரியும். ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்குவதை விட்டு மேலே ஏறி மறுபடி சுற்றி வா என்ற அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது.

சக்கரம் தரையைத் தொட்டபோது பாதி ரன்வே போய்விட்டது. நடுக்கோட்டு விளக்கு வெள்ளையாக இருக்கும், கடைசி 900 மீட்டரில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும், கடைசி 300 மீட்டர் முழுச் சிவப்பு. அந்த முழுச் சிவப்புக்குள் நாங்கள் உருண்டுகொண்டிருந்தோம். இரண்டு பேரின் காலும் பிரேக் மேல். நின்றுவிட்டது. “பத்து நிமிஷம் மிச்சம்” என்றார் அவர்.

திருச்சி பயணி:
நான் இதற்கு நேர் எதிர் பக்கம் இருந்தவன். ஷார்ஜாவிலிருந்து வருகிறேன். கீழே வீட்டு மாடியில் காயும் துணி தெரிகிறது, திடீரென்று இன்ஜின் உறுமி மேலே ஏறியது. பக்கத்து சீட் அம்மா, வீட்டு வேலைக்குப் போய் நாலு வருஷம் கழித்துத் திரும்புகிறவர், என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது. ஒரு சுற்று சுற்றி நல்லபடியாக இறங்கினோம். வெளியே வரும்போது கதவருகே நின்ற பைலட்டிடம், “ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் குடுத்தது?” என்று கத்தினேன். அவர் “சாரி சார்” என்றார். அந்த ‘சாரி’யைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. சிவப்பு விளக்கு வரைக்கும் கொண்டுபோகாமல் விட்டதற்கு நான் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

ரேடார் ரூம்:
வலது சீட் நண்பரே, ஏடிசி மேல் பழி வருகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஷார்ட்கட் தருவது உங்களுக்கு எரிபொருள் மிச்சமாகட்டும் என்றுதான். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். 2010-ல் மங்களூரில் ரன்வேயைத் தாண்டி விழுந்த விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ரேடார் வேலை செய்யவில்லை, அதனால் உயரத்தைக் குறைக்க அனுமதி தாமதமாகத்தான் கிடைத்தது. அதுவரை கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூக்கம். உயரத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் சுற்றி வர வழி இருந்ததே! 8,033 அடி ரன்வேயில் சுமார் 5,200 அடி தாண்டித் தரை தொட்டார்கள். 166 பேரில் 158 பேர் போய்விட்டார்கள்.

என் அனுபவம் சின்னது. ஒருமுறை ஷார்ட்கட் கொடுத்தேன். ஒரு பெண் பைலட், நிதானமான குரலில், “முடியாது, இன்னும் பத்து மைல் வேணும்” என்றார். பின்னால் நாலு விமானம் வரிசையில் நின்றது, எனக்கு எரிச்சல். இந்த இழையைப் படித்ததிலிருந்து அந்தக் குரல்தான் காதில் கேட்கிறது.

செஸ்னா மாணவன்:
வலது சீட் அண்ணா, சத்தமாகச் சொல்லியிருந்தால் மட்டும் போதுமா? மங்களூரில் கோ-பைலட் மூன்று முறை சொன்னார். 2020-ல் கோழிக்கோட்டில் ரன்வேயைத் தாண்டிய விமானத்திலும் பக்கத்து சீட்டிலிருந்து ‘கோ அரவுண்ட்’ வந்தது, விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. 21 பேர் இறந்தார்கள். கேட்கவில்லை என்றால் கண்ட்ரோலைக் கையில் எடுக்கணும்.

பயிற்சியில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு: உயரத்தை ஆயிரம் அடிக் கணக்கில் எடுத்து மூன்றால் பெருக்குங்கள். பத்தாயிரம் அடியில் இருந்தால் ரன்வேக்கு முப்பது மைல் வேண்டும். இருபதுதான் இருக்கிறது என்றால் அங்கேயே சுற்றக் கேளுங்கள், ஆயிரம் அடி வரை காத்திருக்காதீர்கள். கிரவுண்ட் ஸ்பீடில் (தரையை வைத்துக் கணக்கிடும் வேகத்தில்) பாதியை எடுத்துப் பத்தால் பெருக்கினால் நிமிஷத்துக்கு எத்தனை அடி இறங்கணும் என்று வரும். 140 நாட்டுக்கு 700. ஆயிரத்தைத் தாண்டினால் ஏதோ தப்பு. வேகம் பத்து சதவீதம் கூடினால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி 21 சதவீதம் கூடும். ஈர ரன்வே, பின்காற்று இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் தரையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், யார் சொன்னாலும் சுற்றுவது என்று.

என் கதை ஒரு வரி: இரண்டாவது சோலோவில் (தனியாக ஓட்டியபோது) உயரமாக வந்து மூக்கை அமுக்கினேன், மூன்று முறை துள்ளியது. அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை.

ரேடார் ரூம்:
தம்பி, கண்ட்ரோலை எடுப்பது எழுதுகிற அளவு சுலபமில்லை. இருபது வருஷ சீனியரின் கையிலிருந்து, 300 அடி உயரத்தில்.

வலது சீட்:
ரேடார் ரூம் சார், உங்களைக் குறை சொல்லவில்லை. ‘வாங்கிக்கோ’ என்றதும் பதில் சொன்னது என் குரல்தான்.

தம்பி, மங்களூரில் சொன்னவருக்குப் பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் சொன்னார், காக்பிட் குரல் பதிவில் இருக்கிறது. எங்கள் பதிவில் ‘ஸ்பீடு, சார்’தான் இருந்திருக்கும். அன்று இன்னும் முக்கால் மணி நேரம் பறக்க எண்ணெய் இருந்தது.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அந்த கேப்டனைப் பார்த்தேன். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன். எந்த ராத்திரி என்று அவருக்கு ஞாபகமே இல்லை.